வெப்பத்திற்குக் கணக்கெழுதிய வேதியியல் மேதை ஹெஸ்

மேனிலைப் பள்ளியில் வேதியியல் பயின்ற மாணவருள் ஹெஸ் என்னும் பெயரைக் கேளாதவர் இரார். ஹெஸ்ஸின் வெப்பம் மாறாக் கூட்டல் விதி என்னும் தொடரைத் தேர்வுக்காக மனனம் செய்து, எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுப் பின்னர் மறந்தவர் மிகப் பலர். ஆயின் அவ்விதிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும், அவர் ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் வளர்ந்து, தம்முடையதல்லாத மொழியொன்றைத் தம் மாணவர்க்காகத் தழுவிக்கொண்டவர் என்பதையும், 48 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தவர் என்பதையும் எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அன்னாரின் வாழ்வினையும் பணியினையும் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த் துறை மலரில் வேதியியல் அறிஞருக்கு என்ன இடம் என்று சிலர் ஐயுறக்கூடும். ஐயம் நியாயமானதே. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தமிழ்வழியில் வேதியியல் கற்ற பிள்ளைகள், கல்லூரி வாயிலைத் தாண்டியதும் அதே பாடத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். தாய்மொழியில் விளங்கிய பொருள் பிறமொழியில் அயலாகித் திகைப்பூட்டுகின்றது. இந்தத் திகைப்பு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் உருசிய நாட்டு மாணவர்க்கும் இருந்தது. அதனைப் போக்க முன்வந்தவர்களுள் ஒருவர் நம் ஹெஸ். ஆதலின் அவர் வேதியியலார்க்கு மட்டும் உரியவர் அல்லர்; மொழியை நேசிப்பார்க்கும் உரியவரே.

பிறப்பும் இளமையும்

ஜெர்மைன் ஆன்றி ஹெஸ் 1802ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தையார் ஓவியர். கலையால் மட்டும் குடும்பத்தைக் காத்தல் அரிதாயிருந்த காலம் அது. செல்வர் இல்லம் ஒன்றில் ஆசிரியப் பணி கிடைத்தமையால் அவர் உருசிய நாட்டிற்குப் பெயர்ந்தார். 1805இல், மூன்று வயதுக் குழந்தையாக, ஹெஸ்ஸும் அந்நாட்டை அடைந்தார். அன்று முதல் இறுதிவரை உருசியாவே அவருக்குத் தாயகமாயிற்று. ஜெர்மைன் ஆன்றி என்ற பெயரும் அந்நாட்டு மக்கள் நாவில் கெர்மன் இவானவிச் என்று மாறியது.

1822இல் தோர்பாத்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். இன்று எசுத்தோனியா நாட்டில் தார்த்து என வழங்கும் நகரமே அன்றைய தோர்பாத்து. அங்குப் பாடமொழி செருமன். மருத்துவம் பயின்றாலும் அவர் உள்ளம் வேதியியலிலும் நிலவியலிலும் தோய்ந்தது. 1825இல் மருத்துவப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வேடு உருசிய நாட்டுக் கனிம நீரூற்றுகளின் வேதி இயைபையும் நோய் தீர்க்கும் இயல்பையும் பற்றியது. மருத்துவமும் வேதியியலும் கைகோத்து நின்ற அந்த ஆய்வேட்டிலேயே அவர் செல்லவிருந்த திசை புலனாகின்றது.

பட்டம் பெற்றபின் சுவீடன் நாட்டுத் தலைநகர் சென்று, அக்கால வேதியியல் உலகின் தலைமகனாய்த் திகழ்ந்த பெர்சீலியசைக் கண்டார். தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தவர் பெர்சீலியசே. அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஹெஸ் தங்கியிருந்தது மிகக் குறுகிய காலம். எனினும் அந்தச் சில நாட்களின் தாக்கம் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. இருவர்க்குமிடையே மடல் தொடர்பும் நெடுங்காலம் நீடித்தது. நல்லாசிரியரிடம் பயிலும் நாட்களின் எண்ணிக்கை பெரிதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

சைபீரிய மருத்துவர்

சுவீடனிலிருந்து மீண்ட இளைஞர், யூரல் மலைப்பகுதிக்குச் சென்ற நிலவியல் ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார். பின்னர்ச் சைபீரியாவின் இர்குத்துஸ்க் நகரில் மருத்துவராய்ப் பணியாற்றினார். குளிர் கடுமையும் தனிமையும் சூழ்ந்த அந்நகரில் நோயாளர்க்கு மருந்தளித்துக்கொண்டே, அப்பகுதியின் கனிமங்களையும் உப்புகளையும் நீரூற்றுகளையும் பகுத்தாய்ந்தார். தலைநகரிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், பெரிய கருவிகள் எவையும் இன்றி அவர் செய்த ஆய்வுகள் அறிஞர் கண்ணில் பட்டன. 1828இல் செயின்ட் பீட்டர்சுபர்க் அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினர் வரிசையில் முதற்படியில் சேர்த்துக்கொண்டது. 1830இல் அவர் தலைநகருக்கே குடிபெயர்ந்தார். 1834இல் கழகத்தின் முழு உறுப்பினராக உயர்ந்தார். வெள்ளியும் தெலூரியமும் சேர்ந்த கனிமம் ஒன்றுக்கு ஹெசைட்டு என்று அவர் பெயரே பின்னர் இடப்பட்டது.

மாணவர் மொழியில் ஒரு நூல்

தலைநகரில் ஹெஸ் தொழில்நுட்பப் பயிலகத்திலும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் கற்பித்தார். அவர்முன் அமர்ந்திருந்த மாணவர்க்கு வேதியியல் புதிது; அதனைத் தாங்கி வந்த மொழிகளோ அயல். அறிவியல் கழகத்தின் ஏடுகள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் செருமனிலும் வெளிவந்தன. உருசிய மொழியில் வேதியியலைச் சொல்ல இயலுமா என்ற ஐயம் கற்றோரிடையிலும் நிலவிற்று. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இலமனோசொவ் என்னும் பேரறிஞர் தாய்மொழியில் அறிவியல் உரைத்து வழிகாட்டியிருந்தார். ஆனால் அப்பாதை இன்னும் பெருவழியாகவில்லை.

1831இல் ஹெஸ் தூய வேதியியலின் அடிப்படைகள் என்னும் பொருள்படும் பாடநூலை உருசிய மொழியில் வெளியிட்டார். அது ஏழு பதிப்புகள் கண்டது. ஒரு தலைமுறைக்கு மேலாக அந்நாட்டு மாணவர் வேதியியலை அந்நூலின்வழியே கற்றனர். ஆக்சிஜனுக்குப் புளிப்பை ஈனுவது என்ற பொருளிலும், ஹைட்ரஜனுக்கு நீரை ஈனுவது என்ற பொருளிலும், கார்பனுக்குக் கரியை ஈனுவது என்ற பொருளிலும் உருசியச் சொற்கள் அவருக்கு முன்பே பிறந்திருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி நிலைபெறச் செய்ததில் ஹெஸ் நூலுக்குப் பெரும் பங்குண்டு. பிற அறிஞருடன் கூடிக் கலைச்சொற்களை நெறிப்படுத்தும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஹெஸ் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரெஞ்சிலும் செருமனிலும் எழுதினார். ஏனெனில் அவற்றைப் படிக்க வேண்டியவர் ஐரோப்பா எங்கும் பரவியிருந்த அறிஞர். பாடநூலை மட்டும் உருசிய மொழியில் எழுதினார். ஏனெனில் அதனைப் படிக்க வேண்டியவர் தம்முன் அமர்ந்திருந்த பிள்ளைகள். ஆராய்ச்சிக்கு ஒரு மொழி, அடிப்படைக் கல்விக்கு ஒரு மொழி என்னும் இப்பாகுபாட்டில் அவர் முரண்பாடு எதனையும் காணவில்லை. அவரிடம் பயின்ற வஸ்கிரெசென்ஸ்கி பின்னாளில் புகழ்பெற்ற ஆசிரியரானார். அந்த வஸ்கிரெசென்ஸ்கியிடம் பயின்றவரே தனிம வரிசை அட்டவணையை 1869இல் உலகுக்களித்த மெண்டலீவ். தாய்மொழி நூலிலிருந்து தொடங்கிய ஒரு வழிமரபு உலக அறிவியலின் உச்சியைத் தொட்டது.

வெப்பத்தை அளந்த வரலாறு

வேதிவினை நிகழுங்கால் வெப்பம் தோன்றுதலை ஆதி மனிதனும் அறிவான். அடுப்பெரிக்கும் எவரும் அறிவர். ஆனால் அவ்வெப்பத்தை எண்ணால் அளத்தல் மிகப் பிற்காலத்துச் செயலாகும். 1780களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு இலவாய்சியரும் இலாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமானி ஒன்றை அமைத்தனர். வினையில் வெளிப்படும் வெப்பம் எவ்வளவு பனிக்கட்டியை உருக்குகிறது என்று பார்த்து அளவைக் கணித்தனர். ஒரு சேர்மம் உருவாகும்போது வெளிப்படும் வெப்பமும் அது சிதையும்போது ஏற்கும் வெப்பமும் சமம் என்ற கருத்தும் அவர்களுடையதே.

ஹெஸ் இப்பணியை மேற்கொண்டபோது அவர் உள்ளத்தில் வேறோர் எண்ணம் இருந்தது. தனிமங்கள் எளிய முழு எண் விகிதங்களில் கூடுவது போலவே வெப்பமும் எளிய விகிதங்களில் வெளிப்படக்கூடும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையைச் சோதிக்கக் கந்தக அமிலத்தை எடுத்துக்கொண்டார். அடர் அமிலத்தை நேரே அம்மோனியாக் கரைசலால் நடுநிலையாக்கி வெப்பத்தை அளந்தார். அடுத்து, அமிலத்தில் முதலில் நீர் சேர்த்து அப்போது தோன்றும் வெப்பத்தை அளந்து, பின்னர் அந்த நீர்த்த அமிலத்தை அம்மோனியாவால் நடுநிலையாக்கி அவ்வெப்பத்தையும் அளந்தார். நீரின் அளவை மாற்றி மாற்றி இச்சோதனையைத் திரும்பச் செய்தார்.

அவர் கையாண்ட அலகில் கிடைத்த எண்கள் இவை. அடர் அமிலம் நேரடியாக அம்மோனியாவுடன் வினைபுரிந்தபோது 595.8. நீர்த்தலில் 77.8 வெளிப்பட்ட அமிலம் அம்மோனியாவுடன் தந்தது 518.9, கூடுதல் 596.7. நீர்த்தலில் 116.7 வெளிப்பட்டது அம்மோனியாவுடன் தந்தது 480.5, கூடுதல் 597.2. நீர்த்தலில் 155.6 வெளிப்பட்டது அம்மோனியாவுடன் தந்தது 446.2, கூடுதல் 601.8. தனித்தனி எண்கள் வெவ்வேறாயிருக்க, கூட்டுத்தொகை மட்டும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே மாறுபட்டது. அக்காலக் கருவிகளின் நுட்பத்தை எண்ணின் இவ்வேறுபாடு பிழையின் எல்லைக்குள் அடங்கும்.

1840இல் ஹெஸ் தம் முடிவை வெளியிட்டார். ஒரு வினை நேரடியாக ஒரே படியில் நிகழ்ந்தாலும், பல படிகளின் வழியாக நிகழ்ந்தாலும் மொத்த வெப்பம் ஒன்றே. இதுவே ஹெஸ் விதி. இராசபாளையத்தார் இதனைத் தம் ஊரின் சஞ்சீவி மலையைக் கொண்டு எளிதில் உணரலாம். அடிவாரத்திலிருந்து செங்குத்தாக ஏறினாலும், வளைந்து வளைந்து ஏறினாலும், நடக்கும் தொலைவு மாறுமேயன்றி உச்சிக்கும் அடிவாரத்திற்கும் இடையிலான உயரம் மாறாது.

ஹெஸ் தேடிச் சென்றது எளிய விகிதம். கண்டடைந்ததோ மாறாத கூட்டுத்தொகை. மேலே கண்ட 77.8, 116.7, 155.6 ஆகியவை 38.9 என்னும் எண்ணின் இருமடங்கும் மும்மடங்கும் நான்மடங்குமாக அமைந்தமை அவருடைய முதல் நம்பிக்கையை வலுப்படுத்துவதுபோல் தோன்றியிருக்கும். ஆயினும் அந்நம்பிக்கை பொதுவிதியாக நிலைபெறவில்லை. தம் கருத்துக்கு ஏற்ப எண்களை வளைக்காமல், அளந்ததை அளந்தவாறே பதிந்து வைத்தமையால், கருத்து தளர்ந்தபின்னும் எண்கள் நின்றன. அவ்வெண்களிலிருந்து எழுந்த விதியும் நின்றது. ஆய்வு மாணவர் இதனைத் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுதல் தகும்.

1842இல் அவர் மற்றோர் உண்மையையும் வெளியிட்டார். நடுநிலை உப்புகள் இரண்டின் நீர்த்த கரைசல்களைக் கலந்தால் குறிப்பிடத்தக்க வெப்பம் தோன்றுவதில்லை என்பதே அது. ஏன் இவ்வாறு என்பதை அவர் காலம் அறியவில்லை. உப்புகள் கரைசலில் அயனிகளாகப் பிரிந்தே இருக்கின்றன என்று 1880களில் அர்ரீனியசு விளக்கியபோதுதான் ஹெஸ் கண்டதன் காரணம் துலங்கிற்று.

சமன்பாடு எழுதும் நெறி

இன்று மேனிலைப் பள்ளி மாணவர் எழுதும் வெப்ப வேதிச் சமன்பாடு ஹெஸ் விதியின் மீதே நிற்கிறது. சாதாரண வேதிச் சமன்பாடு எதனோடு எது சேர்ந்து எது விளைந்தது என்று மட்டும் கூறும். வெப்ப வேதிச் சமன்பாடோ அவ்வினையின் வரவுசெலவையும் உடன் கூறும். ஆதலின் அதனை எழுதுவதற்குச் சில நெறிகள் உண்டு.

முதலாவது, சமன்பாடு சமன் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். இங்கு எண்கள் மோல்களைக் குறிப்பதால் அரை, ஒன்றரை போன்ற பின்னங்களும் குற்றமாகா. இரண்டாவது, ஒவ்வொரு பொருளின் நிலையும் குறிக்கப்படல் வேண்டும். திண்மமா, திரவமா, வாயுவா என்பது தெரிய வேண்டும். கார்பன் போன்று பல வடிவுடைய தனிமமாயின் கிராஃபைட்டா வைரமா என்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது, வெப்ப மாற்றத்தின் குறி. வெப்பம் வெளிப்படும் வினைக்கு எதிர்க்குறி. வெப்பம் ஏற்கும் வினைக்கு நேர்க்குறி. நான்காவது, வினையைத் திருப்பி எழுதினால் குறியும் திரும்பும். இருமடங்காக எழுதினால் வெப்பமும் இருமடங்காகும். ஐந்தாவது, வெப்பநிலையும் அழுத்தமும் குறிக்கப்படல் வேண்டும். தனித்துக் கூறாதவிடத்துப் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸ் என்றே கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக நீரைக் கொள்வோம்.

ஹைட்ரஜன் (வாயு) + ½ ஆக்சிஜன் (வாயு) → நீர் (திரவம்). வெப்ப மாற்றம் −285.8 கிலோஜூல்.

ஹைட்ரஜன் (வாயு) + ½ ஆக்சிஜன் (வாயு) → நீர் (ஆவி); வெப்ப மாற்றம் −241.8 கிலோஜூல்.

இரண்டிலும் சேர்ந்தவை அவையே, விளைந்ததும் நீரே. ஆயினும் 44 கிலோஜூல் வேறுபாடு. ஒரு மோல் நீர், அஃதாவது 18 கிராம் நீர், 25 டிகிரியில் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பமே அவ்வேறுபாடு. அடைப்புக்குறிக்குள் எழுதும் ஒரு சொல்லை விட்டுவிட்டால் கணக்கு முழுதும் பிழையாகும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் பெரிதும் வருந்துவது இவ்விடத்தில்தான். எண்ணைச் சரியாக எழுதிய மாணவர் நிலையை எழுத மறப்பார். நிலையை எழுதியவர் குறியை மறப்பார்.

இதன் பொருளை அறியத் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா அடுப்பருகே சற்று நின்றால் போதும். பெரிய வாணலியில் பால் கொதிக்க, பணியாளர் துடுப்பால் இடைவிடாது கிளறிக்கொண்டேயிருப்பார். அங்கு எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி பாலிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகின்றது. கொதிநிலையில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். திரவம் என்னும் சொல்லுக்கும் ஆவி என்னும் சொல்லுக்கும் இடையே எத்தனை விறகு எரிகிறது என்பதை அப்பணியாளர் நன்கறிவார்.

அளக்க இயலாததை அளக்கும் வழி

ஹெஸ் விதியின் பெரும்பயன், நேரே அளக்க முடியாத வெப்பத்தைக் கணித்தறிய உதவுவதாகும். கார்பன் குறைந்த ஆக்சிஜனில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ஆனால் அது மட்டுமே உண்டாகுமாறு எரித்து வெப்பத்தை அளத்தல் இயலாது. கார்பன் டை ஆக்சைடும் உடன் கலந்துவிடும். எனவே அளக்கக்கூடிய இரண்டை அளக்கிறோம். கிராஃபைட் முழுதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகும்போது வெப்ப மாற்றம் −393.5 கிலோஜூல். கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டை ஆக்சைடாகும்போது −283.0 கிலோஜூல். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க −110.5 கிலோஜூல் கிடைக்கிறது. எவரும் நேரே அளவாத வினையின் வெப்பம் தாளிலேயே கிடைத்துவிட்டது. கழித்தல் அறிந்த மாணவர் எவரும் இதனைச் செய்யலாம்.

நம் ஊர்ச் சுண்ணாம்பு சொல்லும் சான்று

விருதுநகர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் பகுதி. காளவாயில் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது நம் முன்னோர் வழக்கம். அச்சுண்ணாம்பின் வாழ்க்கையில் ஹெஸ் விதி முழுமையாக அடங்கியுள்ளது.

காளவாயில் நிகழ்வது: சுண்ணாம்புக்கல் (திண்மம்) → சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு), வெப்ப மாற்றம் +178 கிலோஜூல்.

தொட்டியில் நீற்றும்போது நிகழ்வது: சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + நீர் (திரவம்) → நீற்றுச் சுண்ணாம்பு (திண்மம்), வெப்ப மாற்றம் −65 கிலோஜூல்.

சுவரில் பூசியபின் மெல்ல மெல்ல நிகழ்வது: நீற்றுச் சுண்ணாம்பு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு) → சுண்ணாம்புக்கல் (திண்மம்) + நீர் (திரவம்), வெப்ப மாற்றம் −113 கிலோஜூல்.

முதல் வினையில் செலவழித்தது 178. அடுத்த இரண்டில் திரும்பப் பெற்றது 65உம் 113உம், கூட்டினால் 178. கல்லாகத் தொடங்கியது சுவரில் மீண்டும் கல்லாயிற்று, கணக்கும் சுழியமாயிற்று. காளவாய்க்காரர் எரித்த விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு, நீற்றும் தொட்டியில் கொதியாய் வெளிப்படுகிறது. மறு பங்கு, எவரும் உணராதவாறு பல நாள் சுவரிலிருந்து கசிகிறது. ஒரு கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது வெளிப்படும் வெப்பம், வீணாகாமல் சேருமாயின், 30 டிகிரியிலுள்ள ஏறத்தாழ 4 லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதும். சுண்ணாம்புத் தொட்டியருகே சிறுவரை அண்டவிடாது பெரியோர் விரட்டியதன் காரணம் இந்த எண்ணில் உள்ளது.

புகழும் மறதியும்

ஹெஸ் தம் விதியைக் கூறிய 1840இல் வெப்பம் என்பது ஒருவகை நுண்பொருள் என்று நம்பியோர் பலர். ஆற்றல் அழியாமைக் கோட்பாட்டை மேயர் 1842இலும், ஹெல்ம்ஹோல்ட்சு 1847இலும் வெளியிட்டனர். ஜூல் அக்காலத்தே சோதனைகள் வழி அதனை நிலைநாட்டி வந்தார். இன்று ஹெஸ் விதியை ஆற்றல் அழியாமையின் ஒரு கிளையாகக் கற்பிக்கிறோம். ஆனால் கிளை முன்னே தோன்றிற்று. அடிமரம் பின்னரே கண்ணுக்குத் தெரிந்தது.

தொடங்கிய ஆராய்ச்சியை நெடிது தொடர ஹெஸ்ஸுக்கு வாய்க்கவில்லை. 1840களின் பிற்பகுதியில் உடல்நலம் குன்றியது. 1850ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் செயின்ட் பீட்டர்சுபர்க் நகரிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 48. அவருக்குப் பின் டென்மார்க்கு நாட்டுத் தாம்சனும் பிரான்சு நாட்டுப் பெர்த்தலோவும் வெப்ப வேதியியலைப் பெருந்துறையாக வளர்த்தனர். வெப்பம் உமிழ் வினை, வெப்பம் கொள் வினை என்பவற்றைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களை ஆக்கியவர் பெர்த்தலோ. அவர்தம் புகழொளியில் முன்னோடியின் பெயர் சிலகாலம் மங்கியிருந்தது. செருமனி நாட்டு ஆசுட்வால்டு ஹெஸ்ஸின் கட்டுரைகளைத் தம் பழம்பெரும் அறிவியல் நூல் வரிசையில் 1890இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தபோது அறிஞருலகம் அவரை மீண்டும் நினைந்தது. இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த நீதி அது.

தமிழில் இம்முயற்சி

ஹெஸ் உருசிய மாணவர்க்குச் செய்ததைத் தமிழ் மாணவர்க்குச் செய்ய முன்வந்தோரையும் இங்கு நினைத்தல் கடன். 1822இல் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தங்கி, 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அவருடைய முயற்சியால் வெளிவந்த நூல் வரிசையில் 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் கெமிஸ்தம். அரபு மொழியின் அல்கீமியா என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, ஆங்கிலத்தின் வழியே ஈழத் தமிழில் கெமிஸ்தமாகிய வரலாறு, அறிவு எந்த ஒரு மொழிக்கும் தனியுடைமையன்று என்பதை உணர்த்தும். காரத்தைக் குறிக்கும் அல்கலி என்ற சொல்லும் அரபு மொழியின் கொடையே. செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலை அது முதலில் குறித்தது.

1916இல் சேலத்தில் இராஜாஜி அவர்கள் நண்பருடன் இணைந்து தமிழ் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் பொதுமக்களுக்காகத் திண்ணை இரசாயனம் என்னும் நூலையும் எழுதினார். ஹைட்ரஜனை நீரகம் என்றும் ஆக்சிஜனை உயிரகம் என்றும் வழங்கியோர் உளர். பள்ளி நூல்கள் உலகப் பொதுப் பெயர்களையே பெரிதும் கைக்கொண்டன. எச்சொல் சிறந்தது என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஹெஸ்ஸின் வரலாறு அதற்கு ஒருவாறு விடை தருகின்றது. அவர் காலத்து உருசியச் சொற்கள் நிலைபெற்றது அவை அழகாயிருந்தமையால் மட்டுமன்று. ஏழு பதிப்பு கண்ட ஒரு நல்ல பாடநூலில், பொருள் விளங்குமாறு, ஆண்டுதோறும் மாணவர் கையில் புழங்கியமையாலும் ஆகும். சொல்லாக்கக் குழுக்கள் தரும் பட்டியலைவிட, தெளிவாக எழுதப்பட்ட ஒரு நூல் சொற்களுக்கு நீண்ட வாழ்நாளைத் தருகின்றது.

நிறைவுரை

ஹெஸ் மருத்துவராய்த் தொடங்கினார்; சைபீரியப் பனியில் கனிமம் தேடினார்; தலைநகரில் ஆசிரியரானார்; அந்நிய மண்ணில் பிறந்தும் மாணவர் மொழியில் நூல் யாத்தார்; வெப்பத்தை அளந்து உலகுக்கு ஒரு விதியை விட்டுச் சென்றார். அவருடைய நம்பிக்கைகளுள் ஒன்று பொய்த்தது. எழுதி வைத்த எண்கள் பொய்க்கவில்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. வெப்ப வேதிச் சமன்பாடு எழுதும்போது நிலையையும் குறியையும் விடாது எழுதுங்கள். 18 கிராம் நீருக்கு 44 கிலோஜூல் என்பது சிறு தொகையன்று. தமிழில் கற்ற வேதியியலை ஆங்கிலத்தில் தொடருங்கால், முன்னர்க் கற்றது வீண் என்று கருதி அதனைக் களைந்துவிடாதீர்கள். இரண்டு வழியாகவும் சென்று சேரும் பொருள் ஒன்றே. தமிழ் ஆசிரியர்க்கும் வேதியியல் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம்: இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து, முதலாண்டு மாணவர்க்காக இருமொழியிலும் ஒரு சிறு நூல் எழுதுதல் கூடும். நம் ஊர்ச் சுண்ணாம்பிலிருந்தும் பால்கோவாவிலிருந்தும் அந்நூலைத் தொடங்கலாம். அதுவே ஹெஸ் பெருமகனுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.